பெயிண்ட்பாலுக்கு விளையாட்டுப் பக்கத்தில் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் விடுமுறைக்கு எங்கெல்லாம் போகலாம் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் கோ-கார்ட், பௌலிங், டிராம்போலின் வரிசையில் பெயிண்ட்பாலும் இருந்தது, நண்பர்களோடு சேர்ந்து ஜாலியாகச் சுட்டு விளையாடலாம் என்கிற மாதிரி இரண்டு வரியோடு முடிந்துவிட்டது. அந்த இரண்டு வரியில் பிழை எதுவும் இல்லை. ஈ.சி.ஆர். பக்கமும் பெங்களூரு பக்கமும் ஆபீஸ் கூட்டம் சனி ஞாயிறில் அப்படித்தான் விளையாடிவிட்டு வருகிறது. ஆனால் அதே பெயரில், கோச், ரெஃப்ரி, தரவரிசை, அபராதம், சீசன் என்று எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு நாற்பது வருஷத்துக்கு மேலாக வளர்ந்து வந்திருக்கிற ஒரு போட்டி விளையாட்டும் இருக்கிறது. அதற்கு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் இடம் வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது தெரியவந்தது என் அக்கா மகளால். அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவள் அங்கே கல்லூரி பெயிண்ட்பால் அணியில் சேர்ந்துவிட்டாள். அங்கே கல்லூரி அணிகளுக்கென்றே தனிச் சங்கம் இருக்கிறது, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிகூட அணி வைத்து ஆடுகிறது. அக்காவுக்குச் செம கோபம், படிக்கப் போன இடத்தில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு என்ன வேலை என்று. அவள் சண்டை போடவில்லை. போட்டி நேரலையின் லிங்க்கை எனக்கு அனுப்பி, "மாமா, ஒரு மேட்ச் முழுசா பாருங்க, அப்புறம் அம்மாகிட்ட நீங்களே பேசுங்க" என்றாள். பார்த்தேன், அதிலிருந்து விடாமல் பார்த்துக்கொண்டு வருகிறேன். அவளைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது பயிற்சி மைதானத்து ஓரத்திலும் நின்றிருக்கிறேன். நம் ஊரில் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த மைதானத்தைக் கண்டதுமே இது வேறு விஷயம் என்று தெரிந்துவிடும்.

காடு கிடையாது, பாழடைந்த கட்டடம் கிடையாது, டயர் குவியல் கிடையாது. 150 அடி நீளம், 120 அடி அகலத்தில் சமதளமான தரை. அதன்மேல் காற்றடைத்த பங்கர்கள், அதாவது பின்னால் ஒளிந்துகொள்கிற தடுப்புகள், ஆள் உயரத்துக்கு நிற்பவையும் உண்டு, முழங்கால் உயரத்தில் கிடப்பவையும் உண்டு. ஒரு பாதியில் எது எங்கே நிற்கிறதோ மறுபாதியிலும் அச்சுப் பிசகாமல் அங்கேயே நிற்கும், அதனால் எந்த அணிக்கும் இடத்தால் லாபம் கிடையாது. ஒரு ஓரமாகத் தரையோடு தரையாக நீண்டு கிடப்பதற்கு ஸ்நேக் என்று பெயர், அதில் போகிறவர் வயிற்றால் ஊர்ந்துதான் போக வேண்டும். எதிர் ஓரத்தில் முக்கோணமாக நிற்பவை டொரிட்டோ. இந்த அமைப்பு போட்டிக்குப் போட்டி மாறும். போட்டிக்குச் சில நாள் முன்புதான் வரைபடம் வெளியாகும். வந்த உடனே எல்லா அணிகளும் தங்கள் ஊரில் அதே மாதிரி பங்கர்களை நிறுத்தி, எங்கிருந்து பார்த்தால் எந்தச் சந்து தெரிகிறது, எந்தப் பங்கருக்குப் பின்னால் நின்றால் எந்தக் கோணத்தில் அடி விழும் என்று ஒவ்வொன்றாக அலச ஆரம்பித்துவிடும்.

ஆட்டம் ஐந்து பேருக்கு ஐந்து பேர். உடம்பிலோ உடையிலோ கையில் பிடித்திருக்கும் மார்க்கரிலோ (உருண்டையைக் காற்றழுத்தத்தால் சுடுகிற துப்பாக்கிக்கு அதுதான் பெயர்) எங்கே பெயிண்ட் உருண்டை பட்டு உடைந்தாலும் அவுட், வெளியே போய்விட வேண்டும். பட்டுத் தெறித்துவிட்டால், உடையவில்லையென்றால் அவுட் இல்லை. எதிரணியின் தொடக்க இடத்தில் இருக்கும் பஸ்ஸரைப் போய் அழுத்தினால் ஒரு பாயிண்ட். உடனே எல்லாரும் திரும்பிப் போய், பெயிண்ட் நிரப்பிக்கொண்டு அடுத்த பாயிண்டுக்கு வந்து நிற்க வேண்டும். கபடி பார்த்துப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும், தொட்டால் அவுட், ஆள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் காக்க வேண்டிய இடம் பெரிதாகிக்கொண்டே போகும். ஒரே ஒரு கடுமை கூடுதல். அந்தப் பாயிண்ட் முடியும்வரை போனவர் திரும்பி உள்ளே வர முடியாது.

இதில் நான் எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காதது முதல் சில விநாடிகள். பிரேக்அவுட் என்பார்கள். பத்து பேரும் அவரவர் எல்லையில் மார்க்கர் முனையைத் தொடக்கப் பலகையில் தொட்டுக்கொண்டு நிற்பார்கள். ஹாரன் அடித்ததும் இருவர் ஓரத்துப் பங்கர்களை நோக்கித் தலைதெறிக்க ஓடுவார்கள். அதே நேரத்தில் எதிரணியின் பின்வரிசை ஆள் அந்த ஓட்டக்காரரைப் பார்த்துச் சுடுவதே இல்லை. இரண்டு பங்கர்களுக்கு நடுவே இருக்கிற வெறும் இடைவெளியைப் பார்த்து உருண்டைகளை வரிசையாக அனுப்பிக்கொண்டே இருப்பார். காரணம் இதுதான். விதிப்படி உருண்டையின் வேகம் விநாடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது, மணிக்கு ஏறக்குறைய 330 கிலோமீட்டர். கேட்க வேகம்தான், ஆனால் மூன்று கிராம் எடையுள்ள உருண்டை என்பதால் காற்றில் சீக்கிரமே வேகம் இழந்துவிடும். நூறடி போய்ச் சேர அரை விநாடி அளவு ஆகும். வேகமாக ஓடுகிற ஆள் அதற்குள் எட்டு, பத்து அடி தாண்டிவிடுவார். அதனால் ஆளைக் குறிபார்த்தால் உருண்டை போவதற்குள் ஆள் அங்கே இருக்க மாட்டார். அவர் வந்து சேரப்போகிற இடத்தை முதலிலேயே கணித்து, அவர் அங்கே கால் வைக்கும்போது பெயிண்ட் அங்கே இருக்கும்படி செய்ய வேண்டும். ஓடுகிறவருக்கும் இது தெரியும், எதிரி எந்தச் சந்தை அடைத்து வைத்திருப்பான் என்று அவரும் கணித்துத்தான் ஓடுகிறார், சில சமயம் வேண்டுமென்றே ஒரு எட்டு தாமதித்துவிட்டு ஓடுகிறார். கடகடவென்று சத்தமும் பெயிண்டுமாகத் தெரிகிற அந்த நொடிகளில் பத்து பேரும் முன்பே யோசித்து வைத்த திட்டம் ஒன்றோடொன்று மோதுகிறது. அது முடிந்து பார்த்தால் ஐந்துக்கு நாலு, அல்லது நாலுக்கு மூன்று. பாதி ஆட்டம் அங்கேயே முடிவாகிவிடும்.

பயிற்சியைப் பார்த்தபோது இன்னொன்று புரிந்தது. சுடுவதைவிடச் சுடாமல் மறைந்து நிற்பதற்குத்தான் அவர்கள் அதிகம் பாடுபடுகிறார்கள். ஸ்நாப் ஷூட்டிங் என்று ஒரு பயிற்சி. பங்கருக்குப் பின்னால் மண்டி போட்டு, முழங்கையை உடம்போடு ஒட்டி, மார்க்கரை முகத்துக்கு நேராகத் தயாராக வைத்துக்கொண்டு, இடுப்பை மட்டும் சாய்த்து வெளியே வந்து, ஒன்றிரண்டு உருண்டை விட்டுவிட்டு அதே வேகத்தில் உள்ளே போய்விட வேண்டும். வெளியே தெரிவது மாஸ்க்கில் பாதியும் மார்க்கர் முனையும்தான், அதுவும் கண் இமைக்கிற நேரம். அக்கா மகளுக்கு வலது பக்கம் நன்றாக வரும். இடது பக்கம் வரும்போது முழங்கை அரை அங்குலம் வெளியே துருத்தும். அந்த அரை அங்குலத்துக்காக அவள் கோச் அவளை இடது கையிலேயே மார்க்கரைப் பிடிக்க வைத்து, மறுபடி மறுபடி, பெயிண்டே இல்லாமல் வெறும் காற்றை மட்டும் விட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்ய வைத்தார். தொடை நடுங்குவது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. அதன்பிறகு ஒரு பங்கரிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்ந்து சறுக்கி விழுகிற பயிற்சி, அதற்குப் பிறகு ஸ்நேக்கில் ஊர்கிற பயிற்சி. முழங்கால் காப்பு, முழங்கைக் காப்பு எல்லாம் போட்டிருந்தும் உடம்பெல்லாம் சிராய்ப்பு. விளையாட்டு என்றால் உடம்பு வருந்த வேண்டும் என்று சொல்கிறவர்கள் அந்த மைதானத்தில் ஒரு அரை நாள் நின்று பார்க்கட்டும்.

பேச்சு ஒரு தனிக் கலை. மாஸ்க் போட்டிருக்கிறவருக்குப் பக்கவாட்டில் பெரிதாக எதுவும் தெரியாது, ஸ்நேக்கில் படுத்துக்கிடப்பவருக்குச் சுத்தமாக ஒன்றுமே தெரியாது. பின்வரிசையில் நிற்பவர்தான் அவருக்குக் கண். எதிரியில் எத்தனை பேர் மிச்சம், யார் எந்தப் பங்கரில், யார் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார், இப்போது நகரலாமா கூடாதா என்று கத்திக்கொண்டே இருப்பார். எதிரிக்குப் புரியாமலிருக்க ஒவ்வொரு அணிக்கும் தனிச் சங்கேதம். கத்தலை நிறுத்திவிட்டால் முன்னால் இருப்பவர் குருடாகிவிடுவார். நல்ல அணியும் சுமாரான அணியும் வேறுபடுவது பெரும்பாலும் இங்கேதான் என்று அவர்கள் சொல்கிறார்கள், பார்த்த வரைக்கும் எனக்கும் அப்படித்தான் படுகிறது. குறிபார்த்துச் சுடுகிற திறமை மேல்மட்டத்தில் எல்லாருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அப்புறம் ரெஃப்ரிகள். மைதானத்துக்கு உள்ளேயே, பெயிண்ட் பறக்கிற நடுவில், பல ரெஃப்ரிகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். மேலே பட்ட பெயிண்டைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து ஆடுவதுதான் இங்கே பெரிய குற்றம். பட்டது தெரிந்தும் ஆடினால் அவரோடு சேர்த்து அவர் அணியின் இன்னொருவரையும் வெளியே இழுத்துவிடுவார்கள், மோசமான குற்றமென்றால் அபராதப் பெட்டியில் உட்கார வைத்து அணியை ஆள் குறைவாக ஆட விடுவார்கள். மார்க்கரின் வேகத்தைக் கருவி வைத்துச் சோதிப்பார்கள், அதிகமாக இருந்தால் அதற்கும் தண்டனை உண்டு. எத்தனை வேகமாகச் சுடலாம் என்பதற்கும் வரம்பு உண்டு, விநாடிக்குப் பத்து உருண்டை அளவில்தான். ஒருவருடைய ஏமாற்று வேலை அணியின் தலையிலேயே விழுகிற மாதிரி விதி செய்து வைத்திருக்கிறார்கள், எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது இதுதான்.

இதெல்லாம் நேற்று முளைத்தது இல்லை. 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊரின் காட்டில் முதல் ஆட்டம் நடந்தது. சார்லஸ் கெய்ன்ஸ், ஹேய்ஸ் நோயல், பாப் கர்ன்சி என்ற மூன்று பேர் ஏற்பாடு, மொத்தம் 12 பேர். வெட்ட வேண்டிய மரங்களுக்கும் மாடுகளுக்கும் தூரத்திலிருந்தே அடையாளம் போடப் பயன்பட்ட நெல்-ஸ்பாட் 007 என்ற பெயிண்ட் கருவிதான் கையில். காட்டுக்குள் வைத்த கொடிகளை எல்லாம் மற்றவர்களிடம் சிக்காமல் எடுத்துக்கொண்டு வெளியே வருகிறவர் ஜெயித்தவர். ஜெயித்தவர் ரிச்சி வைட், வனத் தொழிலில் இருந்தவர். அவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை. முதல் ஆட்டத்திலேயே சுடாதவர் ஜெயித்த விளையாட்டை, சுட்டுத்தள்ளுகிற பொழுதுபோக்கு என்று மட்டும் எழுதுவது எப்படிச் சரியாகும்?

அதன்பிறகு காட்டிலேயே பல வருஷம் ஓடியது. அணிகள் வந்தன, பரிசுப் போட்டிகள் வந்தன, ஆனால் மரங்களுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து யாருக்கும் தெரியாது. 1990-களின் பின்பாதியில் காற்றடைத்த பங்கர்கள் வந்ததும் ஆட்டம் வெட்டவெளிக்கு வந்தது. 2002-இல் எக்ஸ்-பால் என்ற முறை வந்தது. அதுவரை ஒரு அணியோடு ஒரு ஆட்டம், முடிந்தது கதை என்று இருந்ததை, அதே இரண்டு அணிகள் பாயிண்ட் மேல் பாயிண்டாக மோதுகிற ஒரு முழு மேட்சாக மாற்றியது அதுதான். பின்தங்கிய அணி எட்டிப்பிடிக்கலாம், கோச் நடுவில் திட்டத்தை மாற்றலாம், பார்க்கிறவருக்கு ஸ்கோர் தெரியும். என்னைக் கேட்டால் இது முழு விளையாட்டாக ஆனது அந்த மாற்றத்தில்தான். சான் டியேகோ டைனஸ்டி, எட்மன்டன் இம்பாக்ட், ஹூஸ்டன் ஹீட் என்று அணிகளுக்கு ரசிகர் கூட்டம் இருக்கிறது. ஆலிவர் லாங், ரயன் கிரீன்ஸ்பன் மாதிரி ஆட்டக்காரர்களின் பெயரைச் சொன்னால் இந்த விளையாட்டுக்காரர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். மாஸ்கோவிலிருந்து ரஷ்யன் லீஜியன் அணி போய் அமெரிக்க அணிகளையே ஜெயித்திருக்கிறது. ஆண்டின் கடைசிப் பெரிய போட்டியான உலகக் கோப்பை ஃபுளோரிடாவில் ஆர்லண்டோ பக்கம் நடக்கும். ஆசியாவில் மலேசியா இதில் முன்னோடி, லங்காவியில் ஆசிய உலகக் கோப்பை நடந்திருக்கிறது.

ஆளைச் சுடுவதை விளையாட்டு என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், என் அக்காவே கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான், அலட்சியப்படுத்தக் கூடாது. ஜெர்மனியில் 2009-இல் வின்னென்டன் பள்ளியில் ஒரு மாணவன் துப்பாக்கியால் பலரைக் கொன்ற கொடுமைக்குப் பிறகு, பெயிண்ட்பாலைத் தடைசெய்யலாமா என்று ஆளுங்கூட்டணியே யோசித்தது. கடைசியில் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். இன்றைக்கும் அங்கே பெயிண்ட்பால் லீக் நடக்கிறது. வாள்வீச்சு, குத்துச்சண்டை, ஜூடோ எல்லாம் ஒருவரை ஒருவர் தாக்குவதிலிருந்து வந்தவைதான், விதியும் நடுவரும் பாதுகாப்பும் சேர்ந்தபிறகு அவற்றை விளையாட்டாக ஏற்றுக்கொண்டோம், ஒலிம்பிக்கிலும் பார்க்கிறோம். பெயிண்ட்பாலில் அவுட் ஆனவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், மேட்ச் முடிந்ததும் அவுட் ஆக்கினவரோடு கைகுலுக்கிவிட்டு வருகிறார். அக்காவைச் சமாதானப்படுத்தியது என் பேச்சு இல்லை, நேரலையில் அந்தக் கைகுலுக்கலைப் பார்த்ததுதான்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். செலவு ஜாஸ்தி. ஒரு பெட்டிக்கு 2000 உருண்டை, பயிற்சிக்கு உட்கார்ந்தால் பெட்டி பெட்டியாகக் காலியாகும். நல்ல மார்க்கர், மாஸ்க், காற்று சிலிண்டர், உருண்டைகளை நிரப்பி வைக்கிற ஹாப்பர் என்று சேர்த்தால் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது, அக்கா மகள் அணியில் பாதிப் பேர் பழைய மார்க்கரை வாங்கித்தான் ஆடுகிறார்கள். உருண்டையின் மேல்தோல் ஜெலட்டின், உள்ளே இருப்பது தண்ணீரில் கரைகிற நிறம். காற்றில் ஈரம் ஏறினால் தோல் ஊறி உருண்டை உப்பிவிடும், நம் கடற்கரை ஊர்களில் அதைக் காப்பாற்றுவதே பெரிய வேலை. அதைவிடப் பெரிய பிரச்சினை நிர்வாகம். 2000-களில் அமெரிக்காவிலேயே என்பிபிஎல் ஏழு பேர் ஆட்டம், பிஎஸ்பி எக்ஸ்-பால் என்று இரண்டு தொடர்கள் தனித்தனியாக ஓடி அணிகளையும் பணத்தையும் பங்குபோட்டுக்கொண்டன. இப்போது அங்கே என்எக்ஸ்எல் என்ற தொடர்தான் பிரதானம். உலகம் முழுக்க எல்லாரும் ஒப்புக்கொள்கிற ஒரே அமைப்பு இன்னும் உறுதியாக வேர்விடவில்லை, ஒலிம்பிக் பற்றிப் பேசுவதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதனாலேயே இது விளையாட்டு இல்லை என்று ஆகிவிடாது. கபடி ஆசியப் போட்டியில் பதக்க ஆட்டமானது 1990-இல்தான், அதற்கு முந்தின நாள்வரை அது விளையாட்டு இல்லை என்று நம்மில் யாராவது சொல்லியிருப்போமா?

நான் கேட்பது பெரிய இடம் இல்லை. அடுத்த உலகக் கோப்பை முடிந்ததும் யார் யாரை எத்தனைக்கு எத்தனை பாயிண்டில் ஜெயித்தார்கள் என்று விளையாட்டுப் பக்கத்தில் ஒரு பத்தி போடுங்கள். இடம் இருந்தால் ஒரு மைதானப் படம் வரைந்து, ஸ்நேக் எது, டொரிட்டோ எது, பஸ்ஸர் எங்கே என்று காட்டுங்கள். அந்தப் படம் இருந்தால் இந்த விளையாட்டை ஒரு தடவைகூடப் பார்க்காதவரும் நேரலையில் பின்தொடர முடியும். நம் ஊரில் பெயிண்ட்பால் மைதானம் நடத்துகிறவர்களிடமும் பேசிப் பாருங்கள். மாதத்தில் ஒரு நாளாவது ஐந்துக்கு ஐந்து என்று, ரெஃப்ரி வைத்து, பஸ்ஸர் வைத்து ஆட விடுவார்களா என்று கேளுங்கள். ஆபீஸ் கூட்டத்துக்கு வாடகைக்கு விடுகிற அதே மார்க்கர் போதும், பங்கருக்கு மூட்டை அடுக்கினால்கூடப் போதும். ஆட வருகிற பையன்களும் பெண்களும் கண்டிப்பாக இருப்பார்கள், இதில் இருபாலரும் ஒரே அணியில் ஆடலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் வந்த படத்தில் ஒரு பையன் மாஸ்க்கை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, விரலை டிரிக்கரில் வைத்து, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். இந்த விளையாட்டில் கண் போகிற விபத்துகள் பெரும்பாலும் மாஸ்க் கழற்றியிருக்கும் நேரத்தில்தான் நடக்கின்றன. முறையான மைதானத்தில் மாஸ்க்கை ஆட்டத்தின் நடுவில் தூக்கினால் உடனே ஆட்டத்தை நிறுத்துவார்கள், மாஸ்க் இல்லாத இடத்துக்கு வரும்போது மார்க்கர் முனைக்கு உறை போட்டிருக்க வேண்டும். மாஸ்க்குகளுக்கென்றே ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 என்று தனித் தரச்சான்று இருக்கிறது, கட்டட வேலைக்குப் போடுகிற கண்ணாடியோ பைக் கண்ணாடியோ இந்த வேகத்தைத் தாங்காது. அடுத்த தடவை படம் போடும்போது மாஸ்க் முகத்தில் இருக்கிற படமாகப் பார்த்துப் போடுங்கள், வாடகைக்கு எடுக்கப் போகிறவர்கள் மாஸ்க்கில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும் என்று ஒரு வரியும் சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.